கணக்குப் புத்தகத்தில் இருக்கிற இங்கிலீஷ்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் கொருக்குப்பேட்டையில் இருக்கிறேன். புதுப்பேட்டையில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேலை. என் மகள் பத்தாவது வரை மாநகராட்சிப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தாள். கணக்கில் 96. இன்ஜினியரிங் போக வேண்டுமென்றால் இப்போதே மாறிவிட வேண்டும் என்று எல்லோரும் சொன்னதால் பதினொன்றாம் வகுப்பில் கம்ப்யூட்டர் குரூப், ஆங்கில வழியில் சேர்த்தேன். காலாண்டுத் தேர்வில் கணக்கில் 41 வாங்கியிருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பையனின் தமிழ்ப் புத்தகத்தில் அதே கணக்கைக் காட்டினால் கடகடவென்று போடுகிறாள். ஆங்கிலத்தில் கேட்டால் தப்பாகப் போடுகிறாள், அல்லது தொடவே மாட்டேன் என்கிறாள். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்க்கச் சொல்கிறார்கள். மூன்று மாதத்துக்கு எட்டாயிரம் கேட்கிறார்கள். சேர்க்கலாமா? இல்லை, தமிழ் வழிக்கே திருப்பிவிடலாமா? அவளைத் தமிழில் படிக்க வைத்ததே தப்போ என்றும் தோன்றுகிறது.

சி. முருகேசன்

அன்புள்ள முருகேசன்,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தப்பில்லை. தமிழ்ப் புத்தகத்தைக் காட்டியதும் கடகடவென்று போடுகிறாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கணக்கு உள்ளே இருக்கிறது. குறைவது ஆங்கிலம், அதிலும் ஒரு சின்னப் பகுதிதான். எட்டாயிரத்தை இப்போதைக்குப் பையிலேயே வையுங்கள். அந்த வகுப்புகளில் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வதும் இன்டர்வியூவில் உட்காருவதும்தான் பெரும்பாலும் பாடம். கணக்குத் தாளில் அவளுக்குச் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

பழைய வண்ணாரப்பேட்டையில் சில வருடம் மாலை நேரத்தில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தேன். தமிழ் வழியிலிருந்து வருகிற எல்லோருக்கும் பயம் பெரிய வார்த்தைகளைப் பார்த்துத்தான். பெர்முடேஷன், டிட்டர்மினன்ட், இன்டக்ரேஷன். ஆனால் அவற்றில் யாரும் விழுந்து நான் பார்த்ததில்லை. ஒரு வாரத்தில் பழகிவிடும். புத்தகத்தின் பின்பக்கத்தில் கலைச்சொற்கள் பட்டியலும் இருக்கிறது. விழுந்ததெல்லாம் எந்தப் பட்டியலிலும் இல்லாத பொடிச் சொற்களில்: நோ, பை, டு, ஃப்ரம், இஸ், அட் லீஸ்ட், ஸச் தட்.

பதினொன்றாம் வகுப்பில் சேர்ப்பியல் என்று ஒரு பாடம். வரிசை மாற்றம், சேர்வு எல்லாம் அதில் வரும். அங்கே கேட்கிற மாதிரி ஒரு கணக்கு சொல்கிறேன். ஐந்து பெண்கள், மூன்று பையன்கள், ஒரே வரிசையில் எட்டு நாற்காலி. நிபந்தனை: 'நோ டூ பாய்ஸ் ஸிட் டுகெதர்.' எத்தனை விதமாக உட்கார வைக்கலாம்?

தமிழில் மறுப்பு வினையோடு போய் ஒட்டிக்கொள்ளும். உட்காராதபடி, வராமல், கூடாது. அதனால் நம் காது வாக்கியத்தின் கடைசியில்தான் காத்திருக்கும். இந்த ஆங்கில வாக்கியத்தின் கடைசியில் இருப்பது 'ஸிட் டுகெதர்'. மறுப்பு முதல் சொல்லிலேயே வந்து போய்விட்டது. ஒரு பிள்ளை மூன்று பையன்களையும் சேர்த்துக் கட்டி ஓர் ஆளாக எண்ணி, 6! × 3! = 4,320 என்று எழுதும். (6! என்றால் 6 முதல் 1 வரை எல்லா எண்ணையும் பெருக்குவது.) இன்னொரு பிள்ளை 'நோ'வைக் கவனித்துவிடும், ஆனால் மூன்று பேரும் மொத்தமாகச் சேர்ந்து உட்காரக் கூடாது என்று எடுத்துக்கொள்ளும். 8! இலிருந்து அந்த 4,320ஐக் கழித்து 36,000 என்று எழுதும். கேட்டது இரண்டுமே இல்லை. எந்த இரண்டு பையன்களும் அடுத்தடுத்து வரக் கூடாது, அவ்வளவுதான். பெண்களை முதலில் உட்கார வைத்தால் 120 விதம். அவர்களுக்கு நடுவிலும் இரண்டு ஓரத்திலுமாக ஆறு இடம் கிடைக்கும், அதில் மூன்றில் பையன்களை வைக்க இன்னொரு 120 விதம். பெருக்கினால் 14,400.

மூன்று விடையிலும் பெருக்கல் கழித்தலில் ஒரு பிசகும் இல்லை. வாசித்ததுதான் வேறு வேறு. 4,320 எழுதிய பிள்ளைக்குக் கணக்கு வராது என்று திருத்துகிறவர் நினைத்துக்கொள்வார்.

இதிலேயே ஒரு வசதியும் இருக்கிறது. ஆங்கிலப் பாடத்தில் ஒரு வாக்கியத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டால் அது யாருக்கும் தெரியாது. ஏதோ புரிந்தது என்று அடுத்த பத்திக்குப் போய்விடலாம். கணக்கில் அப்படிப் போக முடியாது, பின்பக்கத்து விடையோடு இடிக்கும். எங்கே தப்பு என்று தேடிக்கொண்டு வந்தால் அங்கே ஒரு 'நோ' உட்கார்ந்திருக்கும். அப்படிப் பிடித்த 'நோ' மறக்காது. இலக்கணத்தை இவ்வளவு கறாராகச் சோதித்துச் சொல்லும் புத்தகம் வேறு எதுவும் எனக்குத் தெரியாது, ஆங்கில இலக்கணப் புத்தகத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அடுத்தது 'இஸ்'. 'ஃபைவ் லெஸ் தேன் எக்ஸ்' என்றால் எக்ஸ் − 5. 'ஃபைவ் இஸ் லெஸ் தேன் எக்ஸ்' என்றால் 5 < எக்ஸ். முதலாவது ஓர் எண்ணின் பெயர், இரண்டாவது ஒரு செய்தி. நடுவில் நுழைந்தது ஒரே ஒரு 'இஸ்'. தமிழில் நமக்கு இப்படி ஒரு சொல் தேவைப்படுவதில்லை. 'அவர் டாக்டர்', 'இது என் வீடு' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். அந்தப் பழக்கத்தில்தான் நம் பிள்ளைகள் 'மை ஃபாதர் ஒர்க்கிங் இன் புதுப்பேட்டை' என்கிறார்கள். ஸ்போக்கன் வகுப்பில் அதை நூறு முறை திருத்துவார்கள். கணக்கில் வேறு வழி இருக்கிறது. கோவைக்கும் சமன்பாட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று உங்கள் மகளையே கேளுங்கள், சொல்லுவாள். 'இரண்டு எக்ஸ் கூட்டல் மூன்று' என்பது கோவை, அதில் உண்மை பொய் கிடையாது. '= 11' என்று சேர்த்தால் சமன்பாடு, இப்போது அது எதையோ சொல்கிறது. ஆங்கில வாக்கியத்தில் 'இஸ்' செய்கிற வேலையை அங்கே சமக்குறி செய்கிறது. 1557இல் அந்தக் குறியை அறிமுகப்படுத்திய ராபர்ட் ரெக்கார்ட், 'இஸ் ஈக்வல் டு' என்று திரும்பத் திரும்ப எழுதுவதைத் தவிர்க்கத்தான் இரண்டு இணைகோடுகளைப் போடுகிறேன் என்று எழுதியிருக்கிறார். சமக்குறி இல்லாமல் சமன்பாடு எழுத அவளுக்குக் கை வராது. 'இஸ்' இல்லாமல் வாக்கியம் எழுதும்போதும் அதே கூச்சம் வர வேண்டும்.

பை, டு, ஃப்ரம் இதெல்லாம் நம் வேற்றுமை உருபுகள்தான். நமக்குச் சொல்லின் வாலில் ஒட்டும், அவர்களுக்கு முன்னால் தனியாக நிற்கும். '12இலிருந்து 5ஐக் கழி' என்று தமிழில் 12 முதலில் வருகிறது. 'சப்ட்ராக்ட் 5 ஃப்ரம் 12' என்று ஆங்கிலத்தில் 5 முதலில் வருகிறது. கண்ணில் பட்ட வரிசையில் எழுதினால் 5 − 12. விலை 'ரெட்யூஸ்ட் பை 20' என்றால் இருபது ரூபாய் குறைந்தது. 'ரெட்யூஸ்ட் டு 20' என்றால் இருபது ரூபாயாகக் குறைந்தது. நூறு ரூபாய்ப் பொருளுக்கு முதலாவதில் 80, இரண்டாவதில் 20. கடையில் இருக்கிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. இந்த ஒரு ஜோடியை வைத்துக்கொண்டே நீங்கள் அவளுக்கு விதவிதமாகக் கணக்கு கொடுக்கலாம்.

இதில் நம் ஊர் ஆங்கிலம் செய்கிற குறும்பு ஒன்று உண்டு. 'டூ இன்டு சிக்ஸ்' என்றால் நமக்குப் பன்னிரண்டு, பெருக்கல். இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ அதையே சொன்னால் ஆறில் இரண்டு எத்தனை முறை போகும் என்று எடுத்துக்கொண்டு மூன்று என்பார்கள். வகுப்பில் நம் 'இன்டு'வையே சொல்லட்டும், புரியும். எழுதும்போது 'மல்டிப்ளைட் பை' என்று எழுதிப் பழகட்டும். வாய்ப்பாடும் அப்படித்தான். நம் பிள்ளைகள் 'டூ த்ரீ ஸா சிக்ஸ்' என்று ராகம் போட்டுச் சொல்கிறார்களே, அந்த 'ஸா' என்ன என்று கேட்டால் முழிப்பார்கள். 'டூ த்ரீஸ் ஆர் சிக்ஸ்', இரண்டு மூன்றுகள் ஆறு. பன்மைக்கு உண்டான 'ஸ்', அதற்குப் பொருந்துகிற 'ஆர்' இரண்டும் அதற்குள் நசுங்கிக் கிடக்கின்றன.

இதெல்லாம் ஆங்கிலம் தெரியாதவர்களுக்கு மட்டும் வருகிற தொல்லை என்று அவள் நினைத்துக் குறுகிப்போக வேண்டாம். அமெரிக்காவில் முதலாண்டுப் பொறியியல் மாணவர்களிடம் ஒரு கேள்வி கொடுத்துப் பார்த்தார்கள், முடிவு 1981இல் வெளிவந்தது. பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களைப் போல ஆறு மடங்கு மாணவர்கள். மாணவர் எண்ணிக்கை எஸ், பேராசிரியர் எண்ணிக்கை பி. சமன்பாடு எழுது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தவறு. சரியான விடை எஸ் = 6பி. தவறியவர்களில் பெரும்பாலோர் எழுதியது 6எஸ் = பி. 'சிக்ஸ் டைம்ஸ் அஸ் மெனி ஸ்டூடன்ட்ஸ்' என்று காதில் விழுந்த வரிசையை அப்படியே இறக்கிவிட்டார்கள். ஆங்கில நாட்டிலேயே கதை இதுதான்.

சரி, என்ன செய்வது? தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டு புத்தகங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. பாடமும் பயிற்சியும் அதே வரிசை. ஆனால் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில் ஆரம்பிக்க வேண்டாம். எட்டாம் வகுப்பில் ஆரம்பியுங்கள். அந்தக் கணக்குகள் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு, அதனால் கவனம் முழுக்க வாக்கியத்துக்குப் போகும். போனில் பார்ப்பதைவிடக் காகிதம் நல்லது. மூர் மார்க்கெட் லில்லி பாண்ட் வளாகத்துப் பழைய புத்தகக் கடைகளில் ஒருநாள் தேடிப் பாருங்கள், எட்டும் ஒன்பதும் ஆங்கில வழியில் கிடைத்தால் வாங்கிவிடுங்கள்.

முதலில் தமிழ்ப் புத்தகத்தில் படித்துக் கணக்கைப் போட்டுவிடட்டும். பொருள் கையில் வந்த பிறகு ஆங்கில வாக்கியத்தைப் பார்க்கட்டும். தமிழ்க் கேள்வி காண்க, நிறுவுக, சுருக்குக என்று முடியும். ஆங்கிலக் கேள்வி பெரும்பாலும் ஃபைண்ட், ப்ரூவ், சிம்ப்ளிஃபை என்று அதிலேயே தொடங்கும். கொஞ்ச நாள் போனதும் ஆங்கிலத்தை மூடிவைத்து, தமிழை மட்டும் பார்த்து அவளே ஆங்கிலக் கேள்வியை எழுத வேண்டும். பிறகு திறந்து ஒப்பிட வேண்டும். 'எ', 'தி' இரண்டும் இதில்தான் படியும். முதலில் 'எ சர்க்கிள்' என்று ஒரு வட்டத்தை அறிமுகம் செய்வார்கள், அடுத்த வரியிலிருந்து அது 'தி சர்க்கிள்', அந்த வட்டம். கதைப் புத்தகத்தில் இந்த விதி ஆயிரம் விதிவிலக்கோடு வரும், கணக்கில் அனேகமாக நேராக வரும். கஷ்டமானது 'எ நம்பர் விச், வென் டிவைடட் பை 7, லீவ்ஸ் எ ரிமைண்டர் ஆஃப் 3' மாதிரி வாக்கியங்கள். தமிழில் '7 ஆல் வகுத்தால் மீதி 3 தரும் எண்' என்று எண் கடைசியில் வரும், அங்கே அது முதலில் வந்துவிட்டு விளக்கம் பின்னால் இழுத்துக்கொண்டு வரும். இப்படிப்பட்ட பத்து வாக்கியங்களை அவள் சொந்தமாக எழுதிவிட்டால் ஆங்கிலச் செய்தித்தாளின் நீளமான வாக்கியங்களும் அவ்வளவு மிரட்டாது.

அப்புறம் வாய். போட்ட கணக்கை வரி வரியாக உங்களிடம் சத்தமாகப் படித்துக் காட்டட்டும். குறியீடாக எழுதியிருப்பதை முழுச் சொல்லாகச் சொல்ல வேண்டும்: ஸின்ஸ், தேர்ஃபோர், லெட் எக்ஸ் பீ. உங்களுக்குப் புரிய வேண்டும் என்றில்லை. கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருங்கள்.

இதனால் எல்லா ஆங்கிலமும் வந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். கணக்குப் புத்தகத்தில் யாருக்கும் கோபம் வராது, யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்க மாட்டார்கள், இறந்தகாலம் அபூர்வம். அரட்டைக்கான ஆங்கிலம் பின்னால் வேறு வழியில் வரட்டும். உங்கள் உறவினர் யாராவது ராமானுஜனை இழுப்பார்கள். கும்பகோணம் கல்லூரியில் ஆங்கிலத் தாளில் தோற்று உதவித்தொகையை இழந்தவர் அவர். 1913இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்துகொண்டு கேம்பிரிட்ஜ் கணிதப் பேரறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதம் ஆங்கிலத்தில்தான் இருந்தது. எந்தக் கட்சிக்கும் சாட்சியாக நிற்பார், அதனால் அவரை விட்டுவிடுவோம்.

தமிழ் வழிக்குத் திருப்புவது பற்றி: அதுவும் ஒரு வழிதான், கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயினையே 2021 முதல் தமிழில் எழுதலாம். அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் சிவில், மெக்கானிக்கல் இரண்டையும் தமிழ் வழியில் தொடங்கியது. ஆனால் அவள் எடுத்திருப்பது கம்ப்யூட்டர். அந்தப் படிப்பில் ஆங்கிலத்தை நான்கு வருடம் தள்ளிப்போட முடியாது. அரையாண்டு வரை இப்படியே விடுங்கள். அந்த விடைத்தாள் வந்ததும் மார்க்கைப் பார்ப்பதற்கு முன்னால், தப்பான கணக்குகளில் எத்தனை வாசித்ததில் போனவை, எத்தனை போட்டதில் போனவை என்று அவளையே பிரிக்கச் சொல்லுங்கள். வாசித்ததில் போனவை காலாண்டைவிடக் குறைந்திருந்தால் ஆங்கில வழியிலேயே இருக்கட்டும். குறையவில்லை என்றால் அந்தத் தாள்களோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் அழைத்து வாருங்கள், உட்கார்ந்து பார்த்து முடிவு செய்யலாம்.

அன்புடன்