எழுத்துகளில் ஒளிந்திருக்கும் ஆண்டு

கேள்வி: இடைக்கால எபிரேய மருத்துவச் சுவடிகளின் கடைசிப் பக்கத்தில் ஆண்டை எழுத்துகளாலேயே எழுதியிருக்கிறார்களே, அதை எப்படிக் கணக்கிடுவது?

பதில்: எபிரேயத்தில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. ரேஷ் 200, லாமெத் 30, வாவ் 6 என்றால் கூட்டுத்தொகை 236. உலகப் படைப்பிலிருந்து எண்ணும் கணக்கில் இது 5236. ஆயிரத்தைப் பெரும்பாலும் எழுதாமல் விட்டுவிடுவார்கள். 236-உடன் 1240-ஐக் கூட்டினால் கி.பி. 1476. யூத ஆண்டு இலையுதிர் காலத்தில் பிறப்பதால், முதல் சில மாதங்கள் மட்டும் 1475-இல் விழும். மாதப் பெயரையும் பார்த்துவிட்டே முடிவு செய்யுங்கள்.

ஏமன் நாட்டுச் சுவடி என்றால் இந்தக் கணக்கு உதவாது. அங்கே கி.மு. 312-இலிருந்து எண்ணும் செலூக்கிய ஆண்டுதான் வழக்கம். அதிலிருந்து 311-ஐக் கழிக்க வேண்டும்.

பிழை நேர்வது பெரும்பாலும் தாலெத்திலும் ரேஷிலும்தான். வலது மேல் மூலை கூர்மையாக இருந்தால் தாலெத் (4), வளைந்திருந்தால் ரேஷ் (200). மை சற்றுப் பரவினாலே 196 ஆண்டுகள் தவறிப்போகும்!

இன்னொன்று, இதுதான் முக்கியம்: அது யாருடைய ஆண்டு, மொழிபெயர்த்தவருடையதா, படியெடுத்தவருடையதா? பாரசீக மருத்துவர் இப்னு சீனாவின் மருத்துவ நூலை நாத்தான் ஹமெயாத்தி ரோமில் 1279-இல் எபிரேயத்தில் பெயர்த்தார். பின்னால் படியெடுத்தவர்கள் இத்தகைய முடிவுரைகளையும் அப்படியே எழுதிவைப்பதுண்டு. தாள் சுவடியானால், தாளின் காலத்தை அறிய, வெளிச்சத்தில் பிடித்து வாட்டர்மார்க்கை (தாளுக்குள் தெரியும் நீர்க்குறியை) ஒப்பிட்டுப் பாருங்கள். தோல் சுவடியில் அந்த வசதி இல்லை.