பருத்திப்பால் குடிக்கலாமா?

கேள்வி: எங்கள் பக்கம் பருத்திப்பால் தலைமுறைப் பழக்கம். இப்போது விளைவதெல்லாம் மரபணு மாற்றப்பட்ட பி.டி. பருத்திதான் என்கிறான் என் மகன். அந்தக் கொட்டையில் எடுத்த பாலைப் பேரக்குழந்தைகளுக்கு நாள்தோறும் கொடுக்கலாமா?
- ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: உங்கள் மகன் சொல்வது பெரும்பாலும் சரிதான் அம்மா. 2002-இல் அனுமதி பெற்ற பி.டி. பருத்தி, இன்று இந்தியாவின் பருத்திப் பரப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பயிராகிறது. நேரடியாக உண்ணும் பி.டி. கத்தரிக்காயைப் பயிரிட அனுமதிப்பதை 2010-இல் மத்திய அரசு நிறுத்திவைத்துவிட்டது. ஆனால் துணிக்கென வந்த பருத்தியோ கொட்டையெண்ணெயாகவும் பிண்ணாக்காகவும், உங்கள் ஊரில் பாலாகவும் நம் உணவுக்குள் வந்துவிட்டது. ஆகவே உங்கள் கேள்வி மிகவும் தேவையானது.

பி.டி. என்பது பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற மண் பாக்டீரியாவின் பெயர்ச்சுருக்கம். அதன் மரபணுவைச் சேர்த்ததால் பருத்திச்செடி ஒரு புரதத்தைத் தானே உண்டாக்குகிறது. செடியைத் தின்னும் காய்ப்புழுவின் குடலிலுள்ள காரத்தன்மையில் அந்தப் புரதம் கரைந்து, குடல் சுவரின் குறிப்பிட்ட ஏற்பிகளில் (அந்தப் புரதம் பற்றிக்கொள்ளும் இடங்களில்) ஒட்டி, அச்சுவரைத் துளைத்துப் புழுவைக் கொல்கிறது. நம் இரைப்பையோ அமிலத்தன்மை உடையது. அந்த ஏற்பிகளும் நம் குடலில் இல்லை. மேலும், கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பிழிந்த பாலைக் கருப்பட்டியும் சுக்கும் சேர்த்து நன்றாகக் கொதிக்கவிடும்போது அந்தப் புரதம் பெரும்பாலும் வடிவிழந்துவிடும். எனவே மரபணு மாற்றத்தைக் காரணம் காட்டிப் பருத்திப்பாலை விலக்கவேண்டியதில்லை என்பதே என் கருத்து.

நான் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. பருத்திக்கொட்டையில் காசிபோல் என்ற நச்சுப்பொருள் இயற்கையாகவே உண்டு. பாட்டி காலத்து நாட்டுப் பருத்தியிலும் அது இருந்தது. பூச்சிகளிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ளச் செடி உண்டாக்கும் அந்தப் பொருளை, அசைபோடும் மாடு ஓரளவு தாங்கிக்கொள்ளும். மனிதருக்கும் கோழிக்கும் அளவு மிஞ்சினால் தீங்கு. கொதிக்கவைத்தால் அதன் வீரியம் குறையுமே தவிர, முழுவதும் நீங்காது. இந்தக் குறையைப் போக்கியதும் மரபணு மாற்றமே என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்: அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் கீர்த்தி ராத்தோர் குழுவினர், இலையில் காசிபோல் வழக்கம்போல் இருக்க, கொட்டையில் மட்டும் அது மிகக் குறைவாக உள்ள பருத்தியை உருவாக்கினர், 2019-இல் அதன் கொட்டையை மனித உணவாகப் பயன்படுத்த அந்நாட்டின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இசைவு தந்தது. நம் சந்தையில் கிடைக்கும் கொட்டை அத்தகையது அன்று. ஆகவே பெரியவர்கள் எப்போதாவது ஒரு குவளை குடிக்கலாம், குழந்தைகளுக்கு அன்றாடம் வேண்டாம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். விதைப்புக்கென்று பாக்கெட்டில் விற்கும் விதையில் பூச்சிமருந்து பூசியிருப்பார்கள். விதைத்தது போக மீந்ததை, கழுவிவிட்டால் போதும் என்று எண்ணிப் பாலுக்கு ஆட்டிவிடாதீர்கள், மாட்டுக்கும் வைக்காதீர்கள்.