ஆனால், மூன்று புள்ளி

அன்புள்ள ஐயா,

முப்பது வருடமாகத் தினமும் பூசைக்குப் போகிறேன். முதல் வெள்ளி தவறியதில்லை. ஆனாலும் கொஞ்ச நாளாக மனசு வறண்டு கிடக்கிறது. ஜெபமாலை வாயில் ஓடுகிறது, உள்ளே ஒன்றும் இல்லை. புனித தேவசகாயம் பிள்ளைக்கு இருந்த பிரமாணிக்கம், அந்த விசுவாசம் தவறாத உறுதி, நமக்கு எப்படி வரும்? மகளுக்கு வரன் பார்க்கிறோம். அவள் ஒரு பையனைச் சொல்கிறாள். கத்தோலிக்கப் பையன்தான், ஆனால்... எங்களுக்காக ஜெபியுங்கள்.

ஒரு வாசகி, தூத்துக்குடி

அன்புள்ள சகோதரி,

வறட்சியைப் பற்றி ரொம்பக் கவலைப்படாதீர்கள். அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007-ல் புத்தகமாக வந்தபோதுதான், அவரும் பல பத்தாண்டுகள் அப்படியே கிடந்தார் என்று உலகத்துக்குத் தெரிந்தது. அதோடேதான் எழுந்து வேலைக்குப் போனார். நீங்களும் எழுந்து போகிறீர்கள். சரி, அது போதும்.

என்னை உறுத்துவது அந்த 'ஆனால்'. அதற்குப் பின்னால் மூன்று புள்ளி வைத்திருக்கிறீர்களே, அதை எங்கள் குடும்பத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். அத்தை மகளுக்கு ஒரு வரன் வந்தது. பையன் கோயிலில் பாடகர் குழு, நல்ல வேலை, குடி கிடையாது. இரவு ஜெபமாலை முடிந்து, மாதா மன்றாட்டுமாலையும் சொல்லி, பாயைச் சுருட்டும்போது அத்தை கேட்டார்: "அவங்க என்ன ஆளுங்க?" மாமா சொன்னார். ஜெபமாலையைச் சின்ன டப்பாவில் போட்டு மூடிக்கொண்டே "அப்ப வேண்டாம்" என்றார் அத்தை. யாரும் குரல்கூட உயர்த்தவில்லை. அத்தையும் முதல் வெள்ளி தவறாதவர்தான்.

இதில் யார் பெயரைச் சொல்லி என்னிடம் கேட்கிறீர்கள் என்று பாருங்கள். திருவிதாங்கூர் அரண்மனையில் நீலகண்ட பிள்ளையாக இருந்தவர், டச்சுப் படையிலிருந்து வந்த டிலனாய் வழியாக விசுவாசத்துக்கு வந்து, 1745-ல் வடக்கன்குளத்தில் தேவசகாயமாக ஞானஸ்நானம் பெற்றார். அதோடு நிறுத்தியிருந்தால் ஒருவேளை விட்டிருப்பார்கள். தாழ்ந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களோடு சமமாகப் பழகினார். அது மேலே இருந்தவர்களுக்குப் பொறுக்கவில்லை. 1749-ல் கைது. எருமைமேல் பின்பக்கம் பார்த்து உட்காரவைத்து, கழுத்தில் எருக்கம்பூ மாலை போட்டு ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அடித்த புண்ணில் மிளகாய்த்தூள். 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். சின்ன வயதில் அங்கே போனால், மணியடிச்சான் பாறையைக் கல்லால் தட்டிச் சத்தம் கேட்க நாங்கள் பிள்ளைகள் முண்டியடிப்போம். ஏன் சுட்டார்கள் என்று கேட்டால் கூட்டிவந்த பெரியவர்கள் "வேதத்துக்காக" என்பார்கள். சாதியைப் பற்றி மூச்சு விடமாட்டார்கள்.

அதே வடக்கன்குளத்தில், அவர் போய் நூறு வருடத்துக்கு மேல் ஆனபிறகு, கோயிலுக்குள் சாதிக்கு ஒரு பக்கமாகச் சுவர் வைத்துப் பூசை கண்டார்கள். 1910-ல் சுவரை இடித்தபோது, அது எங்கள் உரிமை என்று நீதிமன்றத்துக்கே போனார்கள். தோற்றார்கள். அவர்களெல்லாம் பூசை தவறாதவர்கள் சகோதரி! உங்களைவிடக் கூடுதலாகவே ஜெபம் சொல்லியிருப்பார்கள். 2022-ல் புனிதர் பட்டம் கொடுப்பதற்கு முன்பே வத்திக்கான் தேவசகாயத்தின் பெயரிலிருந்து 'பிள்ளை'யை எடுத்துவிட்டது. நீங்கள் திரும்பச் சேர்த்திருக்கிறீர்கள். நாக்குப் பழக்கம், அதை விடுங்கள்.

பிரமாணிக்கம் எப்படி வரும் என்று கேட்கிறீர்கள். அது உங்கள் வாசலில்தான் வந்து நிற்கிறது. நீங்கள்தான் என்ன ஆளுங்க என்று விசாரித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

கோபத்தில் எழுதுகிறேன், மன்னிக்க வேண்டாம். ஆனால் உங்கள் பயம் எனக்குத் தெரியாததல்ல. அக்கா தங்கை வீட்டில் போக்குவரத்து நின்றுபோகும். நிஜமாகவே நின்றுபோகும், அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். இருந்தும், அந்தப் பையனை ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள். பேசிப் பாருங்கள். ஆள் சரியில்லை என்று பட்டால் மகளிடம் சண்டை போடுங்கள், நான் குறுக்கே வரமாட்டேன். ஆள் நல்லவனாக இருந்தால் உங்கள் பங்குச் சாமியாரைப் போய்ப் பாருங்கள்.

ஜெபம் கேட்டிருந்தீர்கள், செய்கிறேன். மகள் பெயரை எழுத மறந்துவிட்டீர்கள். அந்தப் பையன் பெயரையும் சேர்த்து அனுப்புங்கள்.