பேஸை ஏற்றினால் திரைவாசிப்பான் குரல் கெடுகிறது, என்ன செய்வது?

கேள்வி இது: கணினியில் பாட்டுக் கேட்கும்போது பேஸை, அதாவது தாழ்ந்த ஒலியை, ஏற்றினால் என்விடிஏ (திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருள்) பேசுவதே புரியவில்லை, எந்தப் பிளேயரில், எப்படி மாற்றுவது?

பேஸை எங்கே ஏற்றினீர்கள் என்று முதலில் பாருங்கள். விண்டோஸ் சவுண்ட் செட்டிங்கிலோ டிரைவரோடு வரும் மென்பொருளிலோ ஏற்றியிருந்தால், கணினியில் வரும் எல்லாச் சத்தத்துக்கும் சேர்ந்து ஏறும். என்விடிஏ குரலும் பானைக்குள்ளிருந்து பேசுவதுபோல ஆகிவிடும். அதை அணைத்துவிடுங்கள். பிளேயருக்குள் இருக்கும் ஈக்வலைசர் (தாழ்ந்த, நடு, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியாக ஏற்றி இறக்கும் வசதி) அந்தப் பிளேயரின் பாட்டை மட்டும்தான் தொடும்.

எனக்கும் பார்வை கிடையாது. வியாசர்பாடியில் இருக்கிறேன், கேட்பதில் பெரும்பங்கு கானா. அதில் பல, தெருவில் ஃபோனில் பிடித்து வாட்ஸ்அப்பில் கைமாறி வந்தவை. டோலக் திம்திம்மென்று முன்னால் நிற்கும், பாடுகிறவரின் வரி அமுங்கிக் கிடக்கும். வரி காதில் விழாத கானா எதற்கு?

இதற்கு வினாம்ப்பை இன்றுவரை விடாமல் வைத்திருக்கிறேன். 1997-இல் வந்த பிளேயர்தான், ஆனால் ஈக்வலைசரைக் கீபோர்டிலேயே விரித்து வைத்திருக்கிறார்கள். ஆல்ட்+ஜி அடித்தால் ஈக்வலைசர் திறக்கும். பத்துப் பட்டைகள், ஒவ்வொன்றும் ஒலியின் ஒரு பகுதி. எண் வரிசையில் 1 முதல் 0 வரை ஒவ்வொரு பட்டையையும் ஏற்றும். அதற்கு நேர் கீழே கியூ முதல் பி வரை அதே பட்டையை இறக்கும். மவுஸே வேண்டாம், ஸ்லைடரைத் தேடி டேப் அடித்துக்கொண்டே போகவும் வேண்டாம். எஸ் அடித்தால் பிரீசெட் (தயாராக வைத்த அமைப்புகள்) மெனு, 'என்' கீயை அடித்தால் ஈக்வலைசரே ஆன், ஆஃப். ஒன்று கவனம்: ஃபோகஸ் ஈக்வலைசரில் இருக்க வேண்டும். மெயின் விண்டோவில் நின்று ஆர் அடித்தால் ரிப்பீட்தான் மாறும்.

என் பழக்கம், எதையும் ஏற்றுவதற்கு முன் இறக்கிப் பார்ப்பது. பாட்டு ஓடும்போதே டபிள்யூ, இ இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டுங்கள். சுமார் 170, 310 ஹெர்ட்ஸ் இறங்கும். அந்தக் 'கும்' சத்தம் விலகியதும் குரல் தானாக முன்னால் வரும். போதாவிட்டால் மட்டும் 6-ஐ ஒன்றிரண்டு தட்டு தட்டி 3000 ஹெர்ட்ஸை ஏற்றுங்கள். ஏற்றியபின் கரகரத்தால் ஈக்வலைசரின் மொத்தச் சத்த அளவான பிரீஆம்ப்பை இறக்க வேண்டும். 'என்' கீயை அடித்து அடித்து, முன்னும் பின்னும் ஒப்பிட்டுக் கேளுங்கள். காதுதான் கணக்கு.

ஒரு பாட்டு கத்தி, அடுத்தது முனகினால் அது ஈக்வலைசர் வேலையில்லை. அதற்கு ஃபூபார்2000 நல்லது. பாட்டுகளைத் தேர்ந்தெடுத்து, அப்ளிகேஷன் கீ மெனுவில் ரீப்ளேகெய்ன் ஸ்கேன் கொடுங்கள். பாட்டின் ஒலியை அது மாற்றாது. சத்த அளவைக் குறித்து வைத்துக்கொண்டு, ஓட்டும்போது சமன் செய்யும்.

இவ்வளவுக்குப் பிறகும் என்விடிஏ குரல் பாட்டில் மூழ்கினால் என்விடிஏ+ஷிஃப்ட்+டி அடியுங்கள். அது பேசும்போது மட்டும் பாட்டைத் தணிக்கும்படி வைக்கலாம். கணினியில் நிறுவிய பிரதியில்தான் இது கிடைக்கும். பென்டிரைவிலிருந்து ஓட்டினால் கிடைக்காது.