அலமாரிக்கு அடியில் எல்இடி ஸ்ட்ரிப்: எந்த கனெக்டர், எந்த வயர்?

கேள்வி: சமையல் மேடைக்கு மேலே உள்ள அலமாரிகளின் அடியில் எல்இடி ஸ்ட்ரிப் ஒட்டி ஆறு மாதம் ஆகிறது. சிம்னிக்கு வலப்பக்கத் துண்டு மட்டும் அலமாரிக் கதவைச் சாத்தினால் அணைகிறது, தட்டினால் எரிகிறது. ஸ்ட்ரிப்பையே மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். தட்டினால் எரிகிற ஸ்ட்ரிப்பில் பழுது பெரும்பாலும் கனெக்டரில்தான் இருக்கும். மூடியை அழுத்திப் பூட்டும் அந்தச் சிறிய வெள்ளை கிளிப்புக்குள் மெல்லிய தகட்டு நாக்குகள் இரண்டு உண்டு. ஸ்ட்ரிப்பின் வெட்டுக்கோட்டில் உள்ள செம்புப் பொட்டுகளின் மேல் அவை சும்மா உட்கார்ந்திருக்கின்றன. திருகும் கிடையாது, ஈயமும் கிடையாது. எரியும்போது ஸ்ட்ரிப் சூடாகி நீள்கிறது, அணைந்ததும் சுருங்குகிறது. இதோடு தாளிக்கும் எண்ணெய்ப் புகையும் குக்கர் ஆவியும் சேர, பொட்டின் மேல் படலம் படிந்து தொடுகை விட்டுப்போகிறது. அரைகுறையாகத் தொடும் இடத்தில் மின்தடை ஏறும், அங்கே சூடு பிறக்கும். கிளிப்பின் வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தால் அதை அன்றைக்கே கழற்றிவிடுங்கள்.

தற்காலிகமாகச் சரிசெய்ய, மின்சாரத்தை அணைத்துவிட்டு கிளிப்பைத் திறந்து, பொட்டைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து மறுபடி பூட்டலாம். சில மாதங்களுக்குத் தாங்கும். நிலையான வழி ஈயம் வைப்பதுதான். 25 வாட் சால்டரிங் அயர்ன், ரோசின் உள்ள 60/40 ஈயக்கம்பி போதும். முதலில் பொட்டின் மேல் ஒரு சிறு சொட்டு ஈயம், வயர் முனையில் ஒரு பூச்சு, பிறகு வயரைப் பொட்டின் மேல் வைத்து இரண்டு விநாடி சூடு. சூடான அயர்னை அதற்கு மேல் வெகுநேரம் வைத்தால் பொட்டு பட்டையிலிருந்து பெயர்ந்து வந்துவிடும். அப்படி ஆனால் அடுத்த வெட்டுக்கோட்டில் வெட்டித் தொடங்க வேண்டும். மேலே ஹீட் ஷ்ரிங்க் குழாய் (சூடு காட்டினால் சுருங்கி இறுகும் பிளாஸ்டிக் குழாய்) போட்டு, இரண்டு மூன்று செ.மீ. தள்ளி வயரை ஒரு கிளாம்ப்பால் பிடித்துவிடுங்கள். வயரை யாராவது இழுத்தாலும் அந்த இழுப்பு பொட்டுக்குப் போகக்கூடாது.

கேள்வி: புதிதாகப் போடப் போகிறோம். எல் வடிவச் சமையலறை. சிம்னிக்கு இடப்பக்கம் 1.5 மீட்டர், வலப்பக்கம் 0.8 மீட்டர், பக்கச் சுவரில் 1.2 மீட்டர். 12 வோல்ட்டா, 24 வோல்ட்டா? என்னென்ன வாங்க வேண்டும்?

பதில்: 24 வோல்ட். அதே வாட்டுக்குப் பாதி ஆம்ப்தான் ஓடும். அதனால் வயரிலும் இணைப்பிலும் இழப்பு குறையும்.

உங்கள் மொத்த நீளம் 3.5 மீட்டர். மீட்டருக்கு 120 எல்இடி கொண்ட 2835 வகை (ஒவ்வொரு எல்இடியும் 2.8 x 3.5 மி.மீ.) ஸ்ட்ரிப் பொதுவாக மீட்டருக்கு 9.6 வாட் எடுக்கும். ஆக 33.6 வாட். வீட்டு 230 வோல்ட்டை ஸ்ட்ரிப்புக்கு ஏற்ற 24 வோல்ட்டாக மாற்றும் பெட்டிதான் டிரைவர். அதை முழுத் திறனில் ஓடவிடாமல் கால்பங்கு கூடுதலாக வைத்தால் 42 வாட் வரும். 60 வாட், 24 வோல்ட் டிரைவர் வாங்குங்கள். இந்த வகை 24 வோல்ட் ஸ்ட்ரிப்பில் வழக்கமாக 5 செ.மீ.க்கு ஒரு வெட்டுக்கோடு இருக்கும். உங்கள் மூன்று அளவுகளும் அதில் மிச்சமின்றி அடங்குகின்றன. 5 மீட்டர் சுருள் ஒன்று போதும். மூன்று துண்டுகளையும் ஒரே சுருளிலிருந்து வெட்டுங்கள். வேறு வேறு சுருளில் வெள்ளையின் சாயல் மாறும், பக்கத்தில் பக்கத்தில் எரியும்போது கண்ணுக்குத் தெரியும்.

மேடை கறுப்பு கிரானைட்டாக இருந்தால் ஒவ்வொரு எல்இடியும் புள்ளிபுள்ளியாக அதில் பிரதிபலிக்கும். பால் நிற மூடியுள்ள அலுமினியம் ப்ரொஃபைலோ (ஸ்ட்ரிப் உள்ளே உட்காரும் நீளமான சட்டம்), சிஓபி ஸ்ட்ரிப்போ (நெருக்கமான எல்இடிகள் ஒரே கோடாக ஒளிரும் வகை) எடுத்தால் அந்தத் தொல்லை இல்லை. சிஓபியில் வாட் வேறாக இருக்கலாம், பெட்டியைப் பார்த்து மேலே சொன்ன கணக்கைத் திரும்பப் போடுங்கள்.

டிரைவர் வாங்கும்போது ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. பேனல் லைட்டுக்கான டிரைவரைக் கொடுத்துவிடுகிறார்கள். அதன் மேல் '300 மில்லி ஆம்ப்' என்று நிலையான ஆம்பும், வோல்ட்டுக்கு ஒரு வரம்பும் அச்சிட்டிருக்கும். அது ஸ்ட்ரிப்புக்கு உதவாது. உங்களுக்கு வேண்டியது 'அவுட்புட் 24 வோல்ட் டிசி' என்று ஒரே எண் போட்ட டிரைவர். பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் 'ஆர்' எழுத்தில் தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மூன்று துண்டுகளையும் ஒன்றன் வாலில் ஒன்றாகத் தொடுக்காதீர்கள். தொடுத்தால் மொத்த ஆம்பும் முதல் துண்டின் மெல்லிய செம்புப் பட்டை வழியாகவே போக வேண்டும், கடைசித் துண்டு மங்கும். டிரைவரிலிருந்து வரும் பிளஸ்ஸை ஐந்து துளை நெம்புகோல் கனெக்டர் ஒன்றில் செருகி, அங்கிருந்து மூன்று துண்டுக்கும் தனித்தனி வயர் எடுங்கள். மைனஸுக்கும் அதேபோல் இன்னொன்று. வாகோ 221 என்று கேட்டால் கிடைக்கும். 0.2 முதல் 4 சதுர மி.மீ. வயர் வரை பிடிக்கும், வயர் முனையை 11 மி.மீ. உரிக்க வேண்டும். நெம்புகோலைத் தூக்கினால் வயர் வந்துவிடும் என்பதால் நாளைக்குப் பழுது பார்ப்பதும் எளிது. மூலையில் ஸ்ட்ரிப்பை மடிக்கவும் வேண்டாம், எல் வடிவ கிளிப்பும் வேண்டாம். அங்கே வயரே திரும்பட்டும்.

கேள்வி: கடையில் ஸ்பீக்கர் வயர் போதும் என்கிறார்கள். சரியா?

பதில்: செம்பாக இருந்தால், அளவு சரியாக இருந்தால், போதும். 0.75 சதுர மி.மீ. சிவப்பு-கறுப்பு இரட்டை வயர் கேளுங்கள். 24/0.2 என்று எழுதியிருக்கும், அதாவது 0.2 மி.மீ. இழை 24. இந்த வயரின் மின்தடை மீட்டருக்கு ஏறத்தாழ 0.026 ஓம். டிரைவர் 3 மீட்டர் தள்ளியிருந்தால் போக வர 6 மீட்டர், 0.156 ஓம். மேலே சொன்ன 33.6 வாட்டுக்கு 24 வோல்ட்டில் 1.4 ஆம்ப் ஓடும், இழப்பு 0.22 வோல்ட்தான். 12 வோல்ட்டில் 2.8 ஆம்ப், இழப்பு 0.44 வோல்ட். வோல்ட்டும் பாதி என்பதால் விகிதத்தில் நான்கு மடங்கு.

மலிவு வயரில் அலுமினியத்தின் மேல் செம்பு முலாம் பூசியிருப்பார்கள். ஓர் இழையை பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம் தெரியும். அதை வாங்காதீர்கள், மின்தடையும் அதிகம், ஈயமும் சரியாகப் பிடிக்காது. முழுவதும் வெள்ளி நிறமாகத் தெரியும் வயர் ஈயம் பூசிய செம்பாகவும் இருக்கலாம், அதைச் சுரண்டினால் சிவப்பு வரும்.

கேள்வி: எனக்கு ஈயம் வைக்கத் தெரியாது. கிளிப் கனெக்டர்தான் வழி என்றால் எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: முதலில் ஸ்ட்ரிப்பின் அகலத்தை ஸ்கேலால் அளங்கள், 8 மி.மீ.யா 10 மி.மீ.யா என்று. 10 மி.மீ. கிளிப்பில் 8 மி.மீ. ஸ்ட்ரிப் நுழையும், ஆனால் பக்கவாட்டில் நகர்ந்து தொடுகை விடும். ஒற்றை நிறத்துக்கு இரண்டு முனை, நிறம் மாறும் ஸ்ட்ரிப்புக்கு நான்கு முனை. சிஓபிக்கு அதற்கென்றே விற்கும் கிளிப். சிலிக்கோன் பூசிய, தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் ஐபி 65 ஸ்ட்ரிப்புக்குச் சாதாரண கிளிப் ஆகாது, பூச்சை பிளேடால் நீக்கினாலும் தடிமன் இடிக்கும்.

வெட்டும்போது செம்புப் பொட்டின் நட்டநடுவில் வெட்டுங்கள். பொட்டு முழுவதும் நாக்குக்கு அடியில் போனபிறகு மூடியை 'டிக்' என்று பூட்டி, மெதுவாக இழுத்துப் பாருங்கள். ஒரு துண்டுக்கு ஒரே ஒரு கிளிப், அதுவும் கை எட்டும் முனையில். அடுப்புக்கு நேர் மேலே கிளிப்பே வேண்டாம். பிளஸ் மைனஸ் மாறினால் ஒற்றை நிற ஸ்ட்ரிப் எரியாது, அவ்வளவுதான். ஆனால் 12 வோல்ட் ஸ்ட்ரிப்பில் 24 வோல்ட் கொடுத்தால் எரிந்தே போகும்.

இதையெல்லாம் விட, ஸ்ட்ரிப் துண்டுகளை எலக்ட்ரானிக்ஸ் பழுது பார்க்கும் கடைக்குக் கொண்டுபோய் வயரோடு ஈயம் வைத்து வாங்கிக்கொள்வதையே நாங்கள் பரிந்துரைப்போம். மூன்று துண்டுக்கு ஆறு பொட்டு, சில நிமிட வேலை.

கேள்வி: 230 வோல்ட்டில் நேரடியாக எரியும் ரோல் ஸ்ட்ரிப் விலை மலிவாக இருக்கிறதே, டிரைவர் செலவும் இல்லை?

பதில்: சமையல் மேடைக்கு வேண்டவே வேண்டாம். ஈரக் கை எட்டும் உயரத்தில், மெல்லிய பிளாஸ்டிக் உறைக்குள் முழு 230 வோல்ட் ஓடுகிறது. வெட்டிய முனையில் போடும் மூடி கழன்றால் அங்கே ஷாக் காத்திருக்கிறது. மலிவு வகைகளில் ஒளியும் நொடிக்கு 100 முறை துடிக்கும், காய் நறுக்கும்போது கண் சோரும். ஃபால்ஸ் சீலிங்குக்காக விற்கும் பொருள் அது.

கேள்வி: சுவிட்சை அணைத்த பிறகும் ஸ்ட்ரிப் லேசாக மினுக்குகிறது. ஏன்?

பதில்: இரண்டு காரணம் இருக்கலாம். சுவிட்ச் ஃபேஸ் வயரில் இல்லாமல் நியூட்ரல் வயரில் போடப்பட்டிருக்கலாம், அல்லது சுவிட்சில் சிறு இண்டிகேட்டர் விளக்கு இருந்து அதன் வழியாகக் கசியும் மின்சாரம் டிரைவரில் சேர்ந்து அவ்வப்போது ஒளிரவைக்கலாம். முதலாவது ஆபத்தானது, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாற்றுங்கள். இரண்டாவதற்கு இண்டிகேட்டர் இல்லாத சுவிட்ச் போட்டால் போதும்.

எரியும்போதே மொத்தமும் ஒரே சீராக அணைந்து அணைந்து எரிந்தால் அது வேறு கதை. டிரைவருக்குச் சுமை கூடிவிட்டது, அல்லது ஈயம் வைத்த இடத்தில் பிளஸ்ஸும் மைனஸும் உரசுகின்றன. ஒவ்வொரு துண்டாகக் கழற்றிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். ஒளியைக் குறைக்க ஃபேன் ரெகுலேட்டரில் மாட்டியிருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். ஒளி குறைக்கும் டிம்மர், டிரைவருக்கும் ஸ்ட்ரிப்புக்கும் நடுவே, டிசி பக்கத்தில் வர வேண்டும்.

கேள்வி: ஸ்ட்ரிப்பின் பசை விட்டு விட்டுத் தொங்குகிறது. எந்தப் பசை நல்லது?

பதில்: பசையை நம்பாதீர்கள். பிளைவுட்டின் அடிப்பரப்பில், அதுவும் எண்ணெய்ப் பிசுக்கின் மேல், எந்த ஒட்டும் நிற்காது. அலுமினியம் ப்ரொஃபைலை அலமாரியின் முன் விளிம்பை ஒட்டித் திருகால் பொருத்தி, உள்ளே ஸ்பிரிட்டால் துடைத்து, அதில் ஸ்ட்ரிப்பை ஒட்டுங்கள். ஸ்ட்ரிப்பின் சூடும் அலுமினியத்துக்கு இறங்கும். திருகு பிளைவுட்டின் தடிமனைத் தாண்டி அலமாரிக்குள் நீட்டாதபடி நீளம் பார்த்து வாங்குங்கள், 18 மி.மீ. பலகைக்கு 12 மி.மீ. திருகு போதும்.