எங்கள் வீட்டில் தொலைந்துபோன பெயர்கள்: அருளப்பன், சின்னப்பன், முடியப்பன்

"உங்கள் குடும்பத்தில் இப்போது யாரும் வைக்காத பழைய பெயர் எது, ஏன் வைப்பதில்லை?" என்று கேட்டிருக்கிறீர்கள். எங்களுடையது திண்டுக்கல் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். அதனால் எனக்குத் தெரிந்த பெயர்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தாத்தா பெயர் அருளப்பன். அவருடைய தம்பிகள் சின்னப்பன், முடியப்பன். பாட்டி டிசம்பர் 8-ஆம் தேதி அமலோற்பவ மாதா திருநாளை ஒட்டிப் பிறந்தவர், அதனால் அமலோற்பவம். தெருவில் ஒரு வியாகுலம் பாட்டியும் இருந்தார். வியாகுல மாதா பெயர் அது.

இந்தப் பெயர்களை நான் ஏன் இவ்வளவு விரும்புகிறேன் என்றால், இவை வேற்றுமொழிப் பெயரை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதியவை அல்ல, பொருளைத் தமிழில் சொன்னவை. பைபிளில் வரும் புனிதர்களின் பெயர்களையே பாருங்கள். பவுல் என்றால் லத்தீனில் சிறியவர், ஆகவே சின்னப்பர். யோவான் என்றால் ஆண்டவர் அருளினார், ஆகவே அருளப்பர். ஸ்தேவான் என்றால் கிரேக்கத்தில் முடி, அதாவது கிரீடம், ஆகவே முடியப்பர். யாரோ உட்கார்ந்து யோசித்து, நம் ஊர்க்காரர் வாயில் நுழைகிற மாதிரி செய்துகொடுத்த பெயர்கள்.

அப்புறம் எப்படிப் போயின? இங்கிலீஷ் மீடியம் பள்ளி ஒரு காரணம்தான்: அருளப்பன் மகன் ஜான் ஆனார், முடியப்பன் மகன் ஸ்டீபன் ஆனார். ஆனால் பெரிய காரணம் கோயிலுக்குள்ளேயே நடந்தது என்று நினைக்கிறேன். கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து செய்த பைபிளின் பொது மொழிபெயர்ப்பு, திருவிவிலியம், 1995-இல் வந்தது. அதுவரை பூசையில் "அருளப்பர் எழுதிய நற்செய்தி" என்று கேட்டவர்கள் "யோவான் எழுதிய நற்செய்தி" என்று கேட்க ஆரம்பித்தோம். சின்னப்பர் பவுலானார், இராயப்பர் பேதுருவானார். எல்லாச் சபைக்கும் ஒரே வேதம் என்பது நல்ல காரியம், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் ஞாயிறுதோறும் காதில் விழுந்துகொண்டிருந்த பெயர் நின்றுபோனது. என் பிள்ளைகளுக்குச் சின்னப்பர் என்றால் யார் என்றே தெரியாது. தெரியாத பெயரை அவர்கள் எப்படி வைப்பார்கள்? பாட்டி மட்டும் கடைசிவரை அருளப்பர் என்றுதான் சொன்னார்.

புனிதர் பெயர்தான் வேண்டும் என்ற கண்டிப்பும் தளர்ந்துவிட்டது. 1917 திருச்சபைச் சட்டப்படி ஞானஸ்நானத்தில் கிறிஸ்தவப் பெயர் இருக்க வேண்டும், பெற்றோர் ஒப்பாவிட்டால் சாமியார் ஒரு புனிதர் பெயரையும் சேர்த்துப் பதிவேட்டில் எழுதுவார். 1983 சட்டம், கிறிஸ்தவ உணர்வுக்கு அந்நியமான பெயர் கூடாது என்பதோடு நிறுத்திக்கொண்டது.

இன்னொரு காரணம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. தாத்தா பெயரைத்தான் மூத்த பேரனுக்கு வைப்பார்கள், பேரன் என்ற சொல்லே பெயரன்தானே. என் அண்ணனுக்கும் அருளப்பன் என்றுதான் ஞானஸ்நானம். ஆனால் மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. அதனால் அம்மா ஒரு நாளும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "பெரியவனே, சாப்பிட வா." அவ்வளவுதான். நாங்களும் பெரியவன் என்றே பழகிவிட்டோம். பெற்ற தாயே கூப்பிடாத பெயர் பதிவேட்டில்தான் கிடந்தது. கல்லூரியில் சேர்ந்ததும் அவனே அருள் ஜான் என்று சொல்லிக்கொண்டான்.

என் மகனுக்குப் பெயர் வைக்கும்போது மனைவி ஜோவின் என்றாள், அவளுக்கு மிகவும் பிடித்த பெயர். சரி, பின்னால் அருள் சேர்த்தே ஆக வேண்டும் என்று நான் நின்றேன். ஜோவின் அருள். பள்ளியில் எல்லோருக்கும் அவன் ஜோவின். அம்மா மட்டும் வாசலில் நின்று "அருளு, வெயில்ல நிக்காத, உள்ள வா" என்று கூப்பிடுவார். முதல் தடவை அதைக் கேட்டபோது அடுப்படியில் இருந்த நான் வெளியே வந்து பார்த்தேன். நாற்பது வருஷம் அம்மா வாயில் வராத சொல் அது.