அயர்லாந்து டிவி: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

டப்ளினில் பல வருடங்களாக இருக்கிறேன். இந்த ஊர் டிவி சேனல்கள், ஆன்டெனா, டிஷ் என்றால் எனக்குச் சாப்பாடு மறந்துவிடும். இந்த வாரம் வந்த கேள்விகளும் என் பதில்களும் இதோ.

கில்டேரில் புதிதாகக் குடிவந்தவர்: அண்ணா, வாடகை வீட்டுச் சிம்னியில் பழைய ஆன்டெனா இருக்கிறது. இணைத்ததும் அயர்லாந்தின் பொதுச் சேனல் ஆர்டிஈ, ஐரிஷ் மொழிச் சேனல் டிஜி 4 எல்லாம் வந்தன. பிபிசி மட்டும் இல்லை. மாதக் கட்டணம் கட்டினால்தான் வருமா?

அவசரப்பட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். ஆன்டெனாவில் வருவது சேர்வ்யூ என்ற ஒளிபரப்புச் சேவை. அது இலவசம், ஆனால் அயர்லாந்துச் சேனல்கள் மட்டும்தான். பிபிசி, ஐடிவி, சேனல் 4 போன்ற பிரிட்டிஷ் சேனல்கள் வேண்டுமென்றால் கிழக்கு 28.2 பாகையில் இருக்கும் செயற்கைக்கோளை நோக்கி ஒரு டிஷ் போதும். அவையும் இலவசமாகவே இறங்குகின்றன. ஆன்டெனா, டிஷ் இரண்டையும் ஒரே பெட்டியில் செருகும் காம்போ பெட்டி கிடைக்கிறது, அதை வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்காரரிடம் மட்டும் முதலில் கேட்டுவிடுங்கள், சுவரில் ஓட்டை போட வேண்டியிருக்கும்.

எல்லைக்கு அந்தப்பக்கம், வட அயர்லாந்தில், மலிவாக விற்கும் பழைய பெட்டியை வாங்கிவிடாதீர்கள். நான் வாங்கி ஏமாந்தேன். திரை கறுப்பாகவே இருந்தது. சேர்வ்யூ படத்தை எம்பெக்-4 என்ற முறையில் சுருக்கி அனுப்புகிறது, அந்தப் பழைய பெட்டிக்கு எம்பெக்-2 தவிர வேறெதுவும் தெரியாது.

டப்ளின் கடற்கரையோரம் வசிப்பவர்: எங்கள் தெருவில் பழைய வீடுகளின் மேல் மட்டும் ஏன் இவ்வளவு உயரமான கம்பம்?

பக்கத்து நாட்டுச் சிக்னலைப் பிடிக்கத்தான்! அயர்லாந்துக்குச் சொந்த டிவி வந்தது 1961 டிசம்பர் 31 இரவு. ஜனாதிபதி டி வலேரா தொடக்க உரையில் டிவியை அணுசக்தியோடு ஒப்பிட்டார். நன்மையும் செய்யும், நாசமும் செய்யும் என்பது அவர் பயம். ஆனால் பூனை அதற்கு முன்பே வெளியே வந்துவிட்டது. பிரிட்டனைச் சேர்ந்த வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் பிபிசி 1953லேயே ஆரம்பித்தாயிற்று, அங்குள்ள தனியார் சேனல் யுடிவி 1959ல். கிழக்குக் கரையிலும் எல்லையோரத்திலும் இருந்தவர்கள் கம்பத்தை உயர்த்தி, வடக்கே ஒன்று, கடல் தாண்டி வேல்ஸ் பக்கம் ஒன்று என ஆன்டெனாவைத் திருப்பிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை ஒன்று உண்டு. 1982ல் வேல்ஸ் மொழிக்கென்றே எஸ்4சி தொடங்கியது. அந்தச் சிக்னல் கடல் தாண்டி இங்கேயும் விழுந்தது. ஆக, டப்ளின் வீட்டுக் கூடத்தில் வேல்ஸ் மொழி கேட்டது. ஐரிஷ் மொழிக்கென்று தனி சேனல் வர இன்னும் பதினான்கு வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது!

கார்க்கிலிருந்து: அலுவலகத்தில் ஒரு பெரியவர் "நாங்கள் ஒற்றை சேனலில் வளர்ந்தவர்கள்" என்று அடிக்கடி புலம்புகிறார். அப்படி என்ன பெரிய குறை?

அவர் பக்கம் நியாயம் இருக்கிறது சார். கிழக்கில் ஒருவர் நான்கைந்து சேனல் மாற்றிக்கொண்டிருந்தபோது தெற்கிலும் மேற்கிலும் ஆர்டிஈ ஒன்றுதான். வரி ஒன்று, வசதி இரண்டு என்றால் கோபம் வராதா? எழுபதுகளில் அமைச்சர் கானர் க்ரூஸ் ஓ'பிரையன் பிபிசியின் வட அயர்லாந்துச் சேனலையே நாடு முழுக்க மறு ஒளிபரப்பு செய்யலாம் என்றார். மக்களிடம் கேட்டபோது, எங்களுக்கு இன்னொரு ஆர்டிஈ கொடுங்கள் என்ற பதில்தான் அதிகம் வந்தது. அப்படிப் பிறந்ததுதான் ஆர்டிஈ 2. 1978 நவம்பர் 2 அன்று, உங்கள் ஊர் ஓபரா ஹவுஸிலிருந்துதான் தொடக்க நிகழ்ச்சி. பெரியவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், முகம் மலர்ந்துவிடும்.

டோனிகால்வாசி: டிவி சிக்னலுக்காக ஒருவர் எம்.பி. ஆனாராமே, கதையா நிஜமா?

நிஜம்தான், உங்கள் மாவட்டத்திலேயே நடந்தது. மலைக்குப் பின்னால் இருக்கும் ஊர்களுக்குச் சிக்னல் இறங்காது. எனவே ஊர்க்காரர்கள் சேர்ந்து குன்றின் உச்சியில் ஒரு கம்பம் நட்டு, பிரிட்டிஷ் சேனல்களைப் பிடித்து வேறு அலைவரிசையில் கீழே அனுப்பினார்கள். டிஃப்ளெக்டர் என்று பெயர். வீட்டுக்குச் சொற்பச் சந்தா. உரிமம் கிடையாது. 1989 வாக்கில் அரசு, மைக்ரோவேவ் வழியே சேனல் தரும் எம்எம்டிஎஸ் முறைக்குக் கம்பெனிகளிடம் ஏகபோக உரிமை கொடுத்தது. அப்புறம் டிஃப்ளெக்டர்களை மூடு என்ற நெருக்கடி. ஜனங்கள் கொதித்துப்போனார்கள். 1997 தேர்தலில் டாம் கில்டே இந்த ஒரே பிரச்சினையை வைத்துச் சுயேச்சையாக நின்று, தென்மேற்கு டோனிகாலிலிருந்து ஐரிஷ் நாடாளுமன்றமான டாயிலுக்குப் போனார். பிறகு டிஃப்ளெக்டர்களுக்குத் தற்காலிக உரிமமும் வந்தது.

லிமரிக்கிலிருந்து: ஆர்டிஈயின் ஆறு மணிச் செய்தி ஏன் 6:01க்கு ஆரம்பிக்கிறது?

ஆறு மணிக்கு ஏஞ்சலஸ் என்ற கத்தோலிக்கப் பிரார்த்தனைக்கான மணி அடிக்கும், ஒரு நிமிடம். அதன் பிறகுதான் செய்தி. செய்தியின் பெயரே சிக்ஸ் ஒன்.

டப்ளினிலிருந்து இன்னொருவர்: மாமியார் இன்னும் "டிவி3 போடு" என்கிறார். அது எங்கே போனது?

எங்கும் போகவில்லை, பெயர்ப்பலகைதான் மாறியது. 1998 செப்டம்பரில் வந்த டிவி3, 2018ல் வர்ஜின் மீடியா ஒன் ஆனது. வர்ஜின் மீடியா டூ இன்னும் வேடிக்கை: 2006ல் சேனல் 6, பிறகு 3ஈ, கடைசியில் டூ. வர்ஜின் மீடியா த்ரீ என்பது 2015 ஜனவரி 1ல் பெரிய ஆரவாரத்தோடு வந்த யுடிவி அயர்லாந்து. கொரோனேஷன் ஸ்ட்ரீட், எம்மர்டேல் தொடர்களை டிவி3யிடமிருந்து பறித்துக்கொண்டு வந்தும் பார்வையாளர்கள் போதவில்லை. இரண்டே வருடத்தில் கைமாறி பீ3 ஆகி, அதுவும் போய் த்ரீ ஆனது. சீரியலை நம்பி மட்டும் சேனல் நடத்த முடியாது என்று அன்றே என் மனைவி சொன்னாள். மாமியார் சொல்வதைத் திருத்த வேண்டாம், ரிமோட்டை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

கால்வேயிலிருந்து: வீட்டில் டிவி வைத்திருக்க வருடாவருடம் கட்டும் லைசன்ஸ் கட்டணம் 160 யூரோ. நான் லேப்டாப்பில்தான் பார்க்கிறேன். மூலையில் இருக்கும் பழைய டிவி ஓடவே இல்லை. கட்ட வேண்டுமா?

லேப்டாப்பு, போனுக்கு வேண்டாம் அக்கா. மூலையில் இருக்கும் டிவிக்கு வேண்டும். ஓடவில்லை என்பது சாக்காகாது, பெட்டி வீட்டில் இருந்தாலே லைசன்ஸ் வேண்டும். ஒரு வீட்டுக்கு ஒன்று போதும், எத்தனை டிவி இருந்தாலும் சரி. 2008லிருந்து கட்டணம் அதே 160 தான். பிடிபட்டால் முதல் முறைக்கே 1,000 யூரோ வரை அபராதம் விழலாம். ஓடாத டிவியை மறுசுழற்சி மையத்தில் கொடுத்துவிட்டால் தொல்லை விட்டது.

மறுபடியும் கில்டேர்: அண்ணா, டிஷ் வைத்தாயிற்று. காலையில் பிபிசி பளிச்சென்று வந்தது. மதியம் காற்றடித்ததும் படம் சதுரம் சதுரமாக உடைகிறது.

டிஷ் தென்கிழக்கைப் பார்த்து நிற்கிறதா? அந்தச் செயற்கைக்கோள் இங்கிருந்து பார்த்தால் வானில் ரொம்பத் தாழ்வாக இருக்கும். அந்தத் திசையில் மரம் ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். காற்றில் கிளை ஆடும்போதெல்லாம் சிக்னல் அறுந்திருக்கும். மரம் பக்கத்து வீட்டுக்காரருடையது என்றால் அதைத் தொடாதீர்கள். டிஷ்ஷை இரண்டடி தள்ளி மாட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.